பின்சீட்டில் வாண்டுகள், தலைக்கு மேல் வானம்... ஓப்பன் டாப் கார் ஆசை ஆரணிக்கு ஒத்துவருமா?

முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி ஆரணிப் பக்கம் இந்தக் காட்சியை நீங்க நிச்சயம் பார்த்திருப்பீங்க. பேண்டு வாத்தியம், ஜெனரேட்டர் வண்டி, தலையில் லைட் சுமந்து வர்றவங்க, நடுவில் பூ ஜோடிச்ச ஒரு திறந்த கார். பெண் அழைப்போ, மாப்பிள்ளை அழைப்போ, பட்டு கட்டின நாயகனோ நாயகியோ நடுவில் உட்கார்ந்திருப்பாங்க. ஆனா அந்தக் காரை உண்மையிலேயே அனுபவிக்கிறது அவங்க இல்லை. சுத்தி ஏறி உட்கார்ந்திருக்கிற பொடிசுங்கதான். அத்தை பையன், சித்தி பொண்ணு, யார் வீட்டுப் பிள்ளைன்னே தெரியாத ரெண்டு பேர்... ஊர்வலம் முடிஞ்சாலும் இறங்க மாட்டாங்க.

கன்வெர்ட்டிபிள் கார்னா ஹீரோவும் பக்கத்து சீட்டில் ஹீரோயினும்தான்னு சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கு. நம்ம ஊர் அனுபவம் வேற. இங்கே திறந்த காருக்கு எப்பவும் பின்சீட்டு உண்டு, அதில் எப்பவும் குழந்தைங்க உண்டு. அதனால, ரெண்டு பிள்ளைகளோடு முப்பதுகளில் இருக்கிற நீங்க, 'ஜாலியா ஒரு ஓப்பன் டாப் வாங்கணும், பசங்களும் பின்னாடி உட்காரணும்'னு நினைச்சா, அதை மிட் லைஃப் கோளாறுன்னு யாரும் கிண்டல் பண்ண வேண்டியதில்லை.

இந்த ஆசையைக் கிளறிவிடுற மாதிரி சமீபத்தில் மூணு விஷயம் நடந்திருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜிஎஸ்டி மாறியது. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. டிசம்பரில் மினி கூப்பர் எஸ் கன்வெர்ட்டிபிள் இந்தியாவுக்கு வந்தது. நாலு சீட்டு, துணிக்கூரை, ஸ்போர்ட்டி இன்ஜின். ரீல்ஸில் பார்த்து ஹார்ட்டின் விட்டவங்க நிறைய. அந்த ஹார்ட்டினை கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வெச்சுப் பார்ப்போம்.

585 சேலைகள்

2025 டிசம்பரில் வந்தப்போ மினியின் ஷோரூம் விலை 58.50 லட்சம் ரூபாய். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 204 குதிரைசக்தி. பட்டனை அமுக்கினா 18 நொடியில் கூரை மடிஞ்சு பின்னால போய் உட்கார்ந்துக்கும். 30 கி.மீ. வேகம் வரைக்கும் ஓடிக்கிட்டே திறக்கலாம். 100 கி.மீ. வேகத்தை 6.9 நொடியில் தொட்டுடும். நம்ம ஊர் ரோட்டில் அந்த 6.9 நொடி முடியறதுக்குள்ள ஒரு ஸ்பீடு பிரேக்கராவது வந்துடும்ங்கிறது வேற விஷயம்.

விலையை ஆரணிக் கணக்கில் போடலாம். பத்தாயிரம் ரூபாய் பட்டுச்சேலைன்னு வெச்சுக்கிட்டா ஒரு மினிக்கு 585 சேலை. அதுவும் கடை விலையில். நெய்தவர் கைக்குப் போற கூலி அதில் ஒரு பங்குதான். அந்தச் சேலைக்கு ஜிஎஸ்டி 5 சதவிகிதம். பெரிய காருக்கு 40 சதவிகிதம்.

அதோடு முடியலை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள்கால சாலை வரி 20 சதவிகிதம். 58.50 லட்சத்துக்கு 11.70 லட்சம். அதாவது, ரோட் டாக்ஸ் கட்டுற காசில் ஒரு நல்ல ஹேட்ச்பேக்கை வாங்கி அப்பாவுக்குக் கொடுத்துட்டு, அவர் கையால் ஆசீர்வாதமும் வாங்கிக்கலாம்.

'பிரிட்டன் ஒப்பந்தம் வந்தாச்சே, பாதி விலைக்கு வந்துடுமே'ன்னு வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது சொல்லியிருப்பாங்க. இந்த மினி ஆக்ஸ்ஃபோர்டில் தயாராகிற வண்டி, அதனால கேள்வி நியாயம்தான். 100 சதவிகிதத்தைத் தாண்டியிருந்த இறக்குமதி வரி, ஒப்பந்தப்படி 10 சதவிகிதம் வரைக்கும் இறங்கும்ங்கிறதும் உண்மை. ஆனா ஒரே ராத்திரியில் இல்லை. வருஷா வருஷம் படிப்படியா, அதுவும் இத்தனை வண்டிகள்தான்கிற கோட்டாவுக்குள். இறக்குமதி வரி இறங்கினாலும் மேலே நிற்கிற 40 சதவிகித ஜிஎஸ்டியும் 20 சதவிகித சாலை வரியும் அப்படியேதான் இருக்கும். விலை இறங்கட்டும்னு காத்திருந்தா இப்போ எல்.கே.ஜி படிக்கிற உங்க பொண்ணு பின்சீட்டுக்குப் பதிலா டிரைவர் சீட்டையே கேட்க ஆரம்பிச்சுடுவா.

பின்சீட்டுன்னா எந்தப் பின்சீட்டு?

சரி, பணம் இருக்குன்னே வெச்சுக்குவோம். அரிசி ஆலை நல்லா ஓடுது, பட்டு வியாபாரமும் கைகொடுக்குது. அப்போ எதை வாங்கறது? இங்கேதான் பெரும்பாலானவங்க தலைகீழா யோசிக்கிறாங்க. இன்ஜினில் ஆரம்பிச்சு, கலருக்குப் போய், கடைசியில் 'பின்னாடி சீட்டும் இருக்குல்ல'ன்னு ஒரு டிக் போட்டுடறாங்க. குழந்தைங்களுக்காக வாங்குறோம்னா அந்த டிக்கில் இருந்துதான் ஆரம்பிக்கணும். ஏன்னா திறந்த காரில் ஒவ்வொரு வசதியும் பின்சீட்டைச் சுரண்டித்தான் கிடைக்குது.

கூரை மடிஞ்சு எங்கேயாவது போய் உட்காரணும்ல? அது பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில்தான் உட்காரும். அதனால பின்சீட்டின் முதுகுப் பகுதி சுவர் மாதிரி நேரா நிக்கும், கால் நீட்ட இடம் குறையும், டிக்கியும் சுருங்கும். மினியில் டிக்கி 215 லிட்டர். கூரையைத் திறந்தா 160. ரெண்டு ஸ்கூல் பேக், ஒரு முறுக்கு டப்பா, அவ்வளவுதான். பாட்டி வீட்டில் இருந்து வர்ற அரிசி மூட்டைக்கு இடம் இல்லை.

பிஎம்டபிள்யூ இசட்4 பார்க்க அழகா இருக்கும். அதில் ரெண்டே சீட்டு, விட்டுடுங்க. 2023-ல் 2.35 கோடிக்கு இங்கே வந்த மெர்சிடீஸ் ஏஎம்ஜி எஸ்எல் 55-ல் பின்சீட்டு உண்டு. ஆனா அது ஒன்றரை மீட்டர் உயரம் வரை உள்ளவங்களுக்குத்தான்னு கம்பெனியே சொல்லுது. ஒன்றரை மீட்டர்னா எவ்வளவு? அஞ்சடிகூட இல்லை. ரெண்டே கால் கோடிக்கு மேல கொட்டிட்டு, பையன் எட்டாவது போற வருஷம் 'டேய், நீ வளர்ந்துட்டடா'ன்னு அவனை வீட்டில் விட்டுட்டுப் போகணும்.

நாலு பேரும் மனுஷங்களா உட்காரணும்னா மெர்சிடீஸ் சிஎல்இ 300 கேப்ரியோலே மாதிரி ஒன்றுக்குப் போகணும். 2024 ஆகஸ்ட்டில் 1.10 கோடிக்கு வந்தது. அதில் கவனிக்க வேண்டிய ஒரு சமாச்சாரம் இருக்கு. முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு பட்டை எழும்பி, காற்றைத் தலைக்கு மேலாகத் தூக்கி அனுப்பும். ஏன் அப்படி ஒண்ணு தேவைப்படுது?

திறந்த காரில் முன்சீட்டில் இருக்கிற உங்களுக்கு முன்னாடி கண்ணாடி இருக்கு. காற்று அதில் மோதி, உங்க தலையைத் தாண்டிப் போய், சுருண்டு, பின்சீட்டில்தான் விழும். உங்களுக்குத் தென்றல், பிள்ளைகளுக்குப் புயல். முடி முகத்தில் அறையும், கண்ணில் தூசி விழும், நீங்க பேசறது அவங்களுக்குக் கேட்காது. அவங்க அழறது உங்களுக்குக் கேட்காது. இதைத் தடுக்கத்தான் பல கார்களுக்கு வலைத்தடுப்பு ஒண்ணு தருவாங்க. விளம்பரத்தில் அதைப் பெருமையா காட்டுவாங்க. ஆனா அதை எங்கே மாட்டணும் தெரியுமா? பின்சீட்டுக்கு மேல. மாட்டிட்டா அங்கே யாரும் உட்கார முடியாது!

வெயிலும் அப்படித்தான். முன்னாடி மடக்குத் தட்டு இருக்கு, கண்ணாடியின் நிழல் கொஞ்சம் இருக்கு. பின்சீட்டுக்கு எதுவும் கிடையாது. திறந்த காரை வெயிலில் நிறுத்திட்டுப் போய் வந்தா சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கி தோசைக்கல் மாதிரி சுடும். அதைக் குழந்தையின் இடுப்பில் மாட்டறதுக்கு முன்னாடி உங்க புறங்கையால தொட்டுப் பாருங்க.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் இந்த வண்டிகளைச் சொல்லவே மாட்டேன். பின்னோக்கி வைக்கிற குழந்தை இருக்கைக்கு இடம் அதிகம் வேணும். இந்தப் பின்சீட்டுகளில் அதை வெச்சா முன்சீட்டைக் கண்ணாடி வரைக்கும் தள்ள வேண்டியிருக்கும். அந்தச் சத்தமும் காற்றும் பச்சைக் குழந்தைக்கு ஆகாது. நாலைஞ்சு வயசு தாண்டின பிள்ளைகள்னா பேசலாம்.

பட்டு ஊர்க்காரங்களுக்காக ஒரு எச்சரிக்கை. இசடோரா டங்கன்னு உலகம் கொண்டாடின நடனக் கலைஞர், 1927 செப்டம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் ஒரு திறந்த காரில் கிளம்பினார். கழுத்தில் நீளமான பட்டுச் சால்வை. அதன் நுனி சக்கரத்தில் சிக்கியது, அங்கேயே உயிர் போச்சு. துப்பட்டாவும் முந்தானையும் திறந்த காரில் சும்மா பறக்கக் கூடாது. ரீல்ஸுக்காகக்கூட!

நம்ம ஊர் ரோட்டுக்கு நெருங்கின ஒண்ணு

கோடியை விட்டு லட்சத்துக்கு இறங்கினா, இந்தியக் குடும்பத்துக்குக் கிடைச்ச திறந்த கார்களின் கதை ரொம்பச் சின்னது. 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியில் துணிக்கூரை இருந்தது, பின்னாடி எதிரெதிரா ரெண்டு பெஞ்ச். அதில் முழங்காலும் முழங்காலும் இடிக்கப் பயணம் போனவங்க இன்னிக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் தோற்றத்தில் வந்தது. சீட்டு ரெண்டுதான். பிள்ளை குட்டிக்காரங்களுக்குக் கதவு மூடியாச்சு.

பிறகு 2020 அக்டோபர் 2-ல் விற்பனைக்கு வந்த மஹிந்திரா தார், இந்தக் கதையைக் கொஞ்சம் மாத்தியது. கடினக் கூரையோடு, மடிக்கிற துணிக்கூரையும் அதில் வந்தது. பின்னாடி முன்னோக்கிப் பார்த்த ரெண்டு தனி சீட்டு, குழந்தை இருக்கையை நேரடியா மாட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கிகள், கவிழ்ந்தா தாங்குற உருளைக் கம்பிச் சட்டம். அந்த வருஷம் நவம்பரில் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு நாலு ஸ்டார், குழந்தைகளுக்கும் நாலு ஸ்டார். குழந்தைப் பாதுகாப்பில் 49-க்கு 41.11. திறந்த கூரை வண்டின்னாலே ஆபத்துன்னு சொல்ற பெரியப்பாவிடம் காட்ட இது ஒரு நல்ல மார்க் ஷீட்.

ஆனா பழைய வண்டிச் சந்தைக்குப் போகும்போது ஒண்ணைக் கவனிங்க. ஆரம்பத்தில் பக்கவாட்டு பெஞ்ச் வெச்ச ஆறு சீட்டு தாரும் வந்தது. 'ஆறு பேர் போகலாம் சார்'னு புரோக்கர் ஆசை காட்டுவார். பக்கவாட்டு பெஞ்சில் குழந்தை இருக்கையைப் பொருத்த முடியாது. வண்டி சடார்னு நின்னா பிள்ளை பக்கவாட்டில் தூக்கி எறியப்படும். எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் அது வேண்டாம்.

தாரில் வாழறது சுலபமும் இல்லை. பக்கவாட்டில் ரெண்டே கதவு. பின்னால போக முன்சீட்டைக் கவிழ்த்துட்டு, உயரமா கால் தூக்கி, குனிஞ்சு நுழையணும். எட்டு வயசுப் பையனுக்கு அது விளையாட்டு, பாட்டிக்குத் தண்டனை. கூரைக்கு பட்டன் கிடையாது. ஜிப்பை இழுத்து, கொக்கியைக் கழட்டி, கையால மடிக்கணும். முதல் தடவை கால் மணி நேரம் ஆகும், வீட்டுக்காரங்களோட ஒரு சின்ன சண்டையும் ஆகும். கூரையை மூடினாலும் தூசி வரும், சத்தம் வரும். தெருப் பூனைக்கு அந்தத் துணி, நகம் தீட்டுற மெத்தை. இன்னொண்ணு, துணியைக் கிழிக்க ஒரு பிளேடு போதும். தீபாவளி நேரத்தில் நாலு சேலை எடுத்து பின்சீட்டில் வெச்சுட்டு டிபன் சாப்பிடப் போயிடாதீங்க.

இங்கே வரியும் ஒரு வேலை பார்க்குது. செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்தில், நாலு மீட்டருக்குள், 1,200 சிசி பெட்ரோல் அல்லது 1,500 சிசி டீசலுக்குள் இருக்கிற கார்கள் 18 சதவிகிதத்துக்கு இறங்கின. மற்றவை 40. தாரின் சின்ன டீசல் இன்ஜின், பின்சக்கர இயக்க வண்டி அந்த 18-க்குள் வந்தது. மஹிந்திரா அதற்கு அறிவித்த விலைக் குறைப்பு 1.35 லட்சம் வரை. நாலு சக்கர இயக்க டீசலுக்கு 1.01 லட்சம் வரை. துணிக்கூரை வந்ததெல்லாம் பெரிய இன்ஜின் வண்டிகளோடுதான். அக்டோபரில் புதுப்பிச்ச தாரின் ஆரம்ப விலை 9.99 லட்சம். பத்து லட்சத்துக்குள் என்பதால் தமிழ்நாட்டு சாலை வரி 13 சதவிகிதம். பத்தைத் தாண்டினா 18. ஆக, டெல்லியும் சென்னையும் சேர்ந்து உங்க காதில் ஒரே விஷயத்தைத்தான் ஓதுது: சின்ன இன்ஜின் வாங்கு, மூடின கூரை வாங்கு. திறந்த வானம் வேணும்னா கூடுதலா கட்டு. நடைமுறையில் துணிக்கூரைத் தார் இப்போ பழைய வண்டிச் சந்தைச் சரக்குதான். அங்கே பார்க்கும்போது விற்கிறவர் மடிச்சுக் காட்டுறதைப் பார்க்காதீங்க, நீங்களே ஒரு தடவை மடிச்சு விரிங்க. பின்சீட்டு ஸ்பாஞ்சை அழுத்தி மோந்து பாருங்க. மழைத் தண்ணி இறங்கியிருந்தா அந்த நாத்தம் பொய் சொல்லாது.

சன்ரூஃப் கன்வெர்ட்டிபிள் இல்லை

'எதுக்கு இவ்வளவு? சன்ரூஃப் வெச்ச கார் வாங்கினா போச்சு'ன்னு நீங்க நினைக்கலாம். ஊரே அப்படித்தான் நினைக்குது. இன்னிக்கு பத்து, பதினைஞ்சு லட்சத்துக்கு கார் வாங்குறவங்க ஷோரூமில் முதலில் கேட்கிறது மைலேஜ் இல்லை, சன்ரூஃப். ஏன்? பிள்ளைங்க கேட்கிறாங்க. எழுந்து நின்னு கையை விரிச்சுக்கணும், போட்டோ எடுக்கணும்.

2025 செப்டம்பரில் பெங்களூருவில் ஒரு சின்னப் பையன் அப்படி நின்னுக்கிட்டுப் போனான். கனரக வண்டிகள் வராம தடுக்க ரோட்டுக்கு மேல போட்டிருந்த இரும்புக் கம்பியில் அவன் தலை மோதியது. பின்னாடி வந்த வண்டியின் கேமராவில் பதிவான அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. கார் ஓட்டுறவருக்கு அந்தக் கம்பி ஒரு பொருட்டே இல்லை, அவர் கூரை அதுக்குக் கீழே சுகமா போயிடும். கூரைக்கு மேல ஒரு தலை இருக்குங்கிறது அந்த நொடியில் அவர் நினைப்பில் இருக்காது. நம்ம தெருக்களை யோசிச்சுப் பாருங்க. கேபிள் ஒயர், திருவிழாத் தோரணம், கட்சிக்கொடி கட்டின கயிறு, வரவேற்பு வளைவு... எதுவும் நிக்கிற குழந்தையின் உயரத்தைக் கணக்குப் போட்டுக் கட்டினது இல்லை.

சட்டமும் தெளிவா இருக்கு. 14 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாம பயணம் செஞ்சா, மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் ஓட்டுறவருக்கு 1,000 ரூபாய் அபராதம். சன்ரூஃபில் நிக்கிற பிள்ளை எப்படி பெல்ட் போட முடியும்?

சொல்லப்போனா, கன்வெர்ட்டிபிளுக்கு ஆதரவா எனக்குத் தெரிஞ்ச ஒரே வலுவான வாதம் இதுதான். சன்ரூஃபில் வானம் வேணும்னா குழந்தை எழுந்து நிக்கணும். திறந்த காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடியே முழு வானமும் கிடைக்குது. கல்யாண ஊர்வலத்தில் பொடிசுங்க எழுந்து நின்னு ஆடறதைப் பார்த்துப் பழகிட்டோம். அது நடக்கிற வேகத்தில் போற வண்டி, சுத்தி நாப்பது பேர் நடந்து வர்றாங்க. வேலூர் ரோட்டில் அறுபதில் போற கார் அது இல்லை.

வருஷத்தில் எத்தனை நாள் திறப்பீங்க?

பேப்பரும் பேனாவும் எடுங்க. பங்குனியில் இருந்து புரட்டாசி வரைக்கும் காலை எட்டு மணிக்கு மேல நம்ம பக்கத்து வெயில் எப்படின்னு உங்களுக்கே தெரியும். அக்னி நட்சத்திரத்தில் கூரையைத் திறந்தா பின்சீட்டில் பிள்ளை இருக்காது, வடகம்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மிச்சம் மார்கழி, தை, மாசி. அதிலும் விடிகாலையும் சாயந்திரமும்தான். பள்ளிக்கூடம் இல்லாத நாளா இருக்கணும். நெசவாளர் தெருவில் குடியிருந்தா, காலையில் பாவு நீட்டி வேலை நடக்கும்போது வண்டியையே வெளியே எடுக்க முடியாது, அதையும் கழிச்சுக்குங்க. நான் தாராளமா எண்ணிப் பார்த்தும் முப்பது, நாப்பது நாளுக்கு மேல வரலை.

அந்த நாப்பது நாளுக்கு ஆரணி நல்ல இடம்ங்கிறதையும் சொல்லணும். சென்னைக்காரங்களுக்கு ஈசிஆரில் டிராஃபிக்தான் கிடைக்கும். உங்களுக்குப் படவேடு பக்கத்திலேயே இருக்கு, வாழைத்தோப்புக்கு நடுவில் ரேணுகாம்பாள் கோயில் ரோடு. போளூர் வழியா ஜவ்வாது மலை ஏறினா ஜமுனாமரத்தூர். ஏற ஏற காற்று மாறும். வளைவுகளில் முப்பது, நாப்பது கி.மீ. வேகம்தான் போக முடியும், திறந்த காரின் சுகம் இருக்கிறதும் அந்த வேகத்தில்தான். 204 குதிரையில் நூத்தி அறுபது குதிரை சும்மா தூங்கிக்கிட்டு வரும். அதே மலைத்தொடரில் காவலூர். வானம் அவ்வளவு இருட்டா இருக்கும்ங்கிறதாலதான் அங்கே வானாய்வகம் வெச்சாங்க. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-ல் இருந்து அங்கேதான் நட்சத்திரம் பார்த்துக்கிட்டிருக்கு. ராத்திரியில் மலை ரோட்டில் ஓட்டாதீங்க. மலையிலேயே எங்காவது தங்கி, வண்டியை ஓரமா நிறுத்தி, கூரையை மடிச்சுட்டு, பிள்ளைகளைப் பின்சீட்டில் சாய்ஞ்சு மேல பார்க்கச் சொல்லுங்க. இதுக்கு எந்த ஸ்போர்ட்ஸ் மோடும் தேவைப்படாது.

வெட்டின கூரையும் வாடகை வண்டியும்

குறுக்கு வழி ஒண்ணு உண்டு. பழைய கான்டெஸாவோ, அம்பாசடரோ, மாருதியோ வாங்கி, பட்டறையில் விட்டு டாப்பை வெட்டி ஓப்பன் கார் ஆக்குறது. அழைப்புக்கு வர்ற வண்டிகளில் சிலது இப்படிப் பிறந்ததுதான். குடும்பத்துக்கு இது கூடவே கூடாது. தயாரிச்ச கம்பெனியின் வடிவத்தையும் ஆர்.சி-யில் இருக்கிறதையும் மீறி வண்டியின் அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ் பேச்சே சிக்கலாகும். அதைவிடப் பெருசு, இன்றைய கார்களில் கூரை வெறும் குடை இல்லை, உடம்போட எலும்பில் ஒரு பகுதி. கம்பெனி கன்வெர்ட்டிபிள் செய்யும்போது வெட்டின இடத்துக்கு ஈடா அடித்தளத்திலும் கண்ணாடித் தூண்களிலும் பலம் சேர்க்கும். மினியில் கார் கவிழப்போகுதுன்னு தெரிஞ்சா பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து பாதுகாப்பு வளையம் தானா எழும்பும். பட்டறையில் வெல்டிங் ராடு மட்டும்தான் இருக்கும்.

நாப்பது நாளுக்காக சொந்தமா ஒண்ணு வேணுமான்னு தயங்குறவங்க முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்க. சென்னையிலும் புதுச்சேரியிலும் செல்ஃப் டிரைவ் வண்டிகள் கிடைக்கும். நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தா இருக்கணும். வெள்ளை பிளேட் வண்டியை 'நம்ம பிரண்டு வண்டிதான்'னு வாடகைக்குக் கொடுப்பாங்க, ஏதாவது ஆச்சுன்னா அந்த பிரண்டு போன் எடுக்க மாட்டார். குழந்தை இருக்கையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்க.

வாடகையோ, ஷோரூமோ, செகண்ட் ஹேண்டோ, டெஸ்ட் டிரைவுக்குப் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க. ஸ்டியரிங்கை வீட்டுக்காரர்கிட்டயோ வீட்டுக்காரம்மாகிட்டயோ கொடுத்துட்டு, நீங்க பின்சீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்காருங்க. கூரையைத் திறந்து ஆற்காடு ரோட்டில் இருபது நிமிஷம். முட்டி எங்கே இடிக்குது, காற்று எங்கே அறையுது, வெயில் யார் முகத்தில் விழுதுன்னு அங்கேதான் தெரியும். இறங்கினதும் பிள்ளை 'இன்னொரு ரவுண்டு'ன்னு கேட்டா விலை பேசுங்க. 'அப்பா, ஏசி போடுப்பா'ன்னு கேட்டா, சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டு வர்ற வழியில் ஆளுக்கொரு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுங்க.